கொல்லைக் கதவுக்கு எந்தக் கேமரா?

அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்குக் கேமரா வாங்குவது என்று முடிவானதும் நான் மெகாபிக்சலில் தொடங்கினேன். இரண்டா, மூன்றா, ஐந்தா என்று ஒரு வாரம் ராத்திரியெல்லாம் மொபைலைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஊருக்குப் போய் வீட்டை டேப் பிடித்து அளந்தபோதுதான் தெரிந்தது, பார்க்க வேண்டியது கேமராவை இல்லை, வீட்டை.

பாபநாசம் பக்கம், பழைய ஓட்டு வீடு. அகலம் 22 அடி, நீளம் 110 அடி. தெருக் கேட், திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடம், அடுக்களை, இரண்டாம் கட்டு, கிணற்றடி, மாட்டுக் கொட்டகை, கடைசியில் கொல்லைக் கதவு. மாடு போய்ப் பல வருடமாகிறது, கொட்டகை மட்டும் இருக்கிறது. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். ஃபைபர் கேபிள் தெருவிலிருந்து வருவதால் ரவுட்டரை ரேழியிலேயே மாட்டிவிட்டார்கள். கூடத்தில் வைஃபை இரண்டு கோடு காட்டும். அடுக்களையில் ஒன்று. கிணற்றடியில் அதுவும் வந்து வந்து போகும். கடையில் நின்று ‘நல்ல வயர்லெஸ் கேமரா நாலு குடுங்க’ என்று வாங்கியிருந்தால் அதில் இரண்டு பீரோவுக்குள்தான் போயிருக்கும்.

வயர்லெஸ் என்று ஒரே பெயரில் விற்பவை உண்மையில் மூன்று வேறு சாமான்கள். ப்ளக் பாயிண்டில் சொருகி வைஃபையில் ஓடும் கேமரா ஒன்று. அதில் நெட் வயர்தான் இல்லை, கரண்ட் வயர் இருக்கிறது. பேட்டரியோ சோலாரோ வைத்து ஓடுவது இன்னொன்று. சிம் கார்டு போட்டு 4ஜியில் ஓடுவது மூன்றாவது. இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில், கேபிள் இழுத்து ஒரு பெட்டியில் பதிவு செய்யும் பழைய முறை. என் வீட்டுக்கு நான்கையும் எடைபோட்டுப் பார்த்தேன்.

முதலில் ப்ளக் வைஃபை கேமரா. இதுதான் மலிவு. தலையைத் திருப்பும் உள்ளறை மாடல் இரண்டாயிரம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிறது. மழையில் நிற்கும் வெளி மாடல் இன்னும் கொஞ்சம் கூட. மாட்டுவதற்கு ஆள்கூட வேண்டாம். ஆனால் விலை குறைந்த மாடல்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும் ஓடும். அதில் குறையில்லை, சுவரைத் தாண்டுவதில் 5 கிகாஹெர்ட்ஸைவிட அதுதான் தேவலை. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதே அலைவரிசையில் முண்டியடிப்பதுதான் தொல்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அதில் மூன்றே மூன்று, 1, 6, 11. அடுக்குமாடியில் இருபது ரவுட்டர்களுக்கு நடுவே கேமரா அடிக்கடி ‘ஆஃப்லைன்’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை காசில்லாதது. கேமரா மாட்டப்போகும் இடத்தில் நின்று, இடையில் உள்ள கதவுகளையெல்லாம் சாத்திவிட்டு, மொபைல் டேட்டாவை அணைத்து வைஃபையில் மட்டும் யாருக்காவது பத்து நிமிஷம் வீடியோ கால் போடுங்கள். எதிர்முனையில் உங்கள் முகம் உறைந்து உறைந்து போனால் கேமராவும் அப்படித்தான் போகும். மொபைலில் கோடு எத்தனை என்று பார்ப்பது போதாது. கேமரா வீடியோவை அனுப்புகிற பக்கம். இங்கிருந்து ரவுட்டருக்கு எப்படிப் போகிறது என்பதுதான் கணக்கு. நான் கிணற்றடியில் நின்று தங்கைக்குக் கால் போட்டேன். “அண்ணே, நீ என்ன சிலையா நிக்கிறே?” என்றாள்.

அடுத்தது கரண்ட். கரண்ட் போனால் கேமரா போகும். கேமராவுக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுத்து ரவுட்டருக்குக் கொடுக்க மறந்திருந்தால் பதிவு கார்டில் ஓடும், சென்னையில் இருக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கூடத்துக்கும் அம்மா அறைக்கும் மட்டும்தான். ரேழி ப்ளக் அதில் வராது. ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போட்டோம், சிறிய டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். இதைவிடப் பெரிய ஓட்டை திண்ணையில் இருந்தது. மீட்டர் பெட்டியும் மெயின் சுவிட்சும் அங்கேதான், கேட்டுக்கு வெளியிலிருந்தே கையெட்டும் தூரத்தில். ஃபியூஸ் கட்டையை உருவினால் வீடே இருட்டு. திருட வருகிறவனுக்கு இது தெரியாதா என்ன? ப்ளக் கேமராவை நம்புவதாக இருந்தால் அதன் ப்ளக் கட்டாயம் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். ரவுட்டர் பழுதாகி நெட் கம்பெனி ஆள் வந்து புதிதாக மாட்டிவிட்டுப் போனால், வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மாறிவிடும், எல்லாக் கேமராவும் அநாதையாகிவிடும். பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு எழுத்துகூட மாறாமல் புது ரவுட்டரில் போடச் சொன்னால் தாமாக வந்து சேர்ந்துகொள்ளும். அம்மாவின் காலண்டருக்குப் பின்னால் அதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பேட்டரி கேமரா பார்க்க ஆசையாக இருக்கும். ஒரு வயரும் இல்லை, எங்கு வேண்டுமானாலும் இரண்டு ஸ்குரூ. ஆனால் அது வேலை செய்யும் விதமே வேறு. எப்போதும் விழித்திருந்தால் பேட்டரி தாங்காது என்பதால் தூங்கிக்கொண்டே இருக்கும். உடல் சூட்டை உணரும் பிஐஆர் சென்சார் தட்டி எழுப்பினால்தான் கண் திறந்து சில விநாடிகள் பதிவு செய்யும். எழுந்திருப்பதற்குள் ஒன்றிரண்டு விநாடி போய்விடும். வேகமாகக் கேட்டைத் தாண்டுபவரின் முதுகு மட்டும்தான் கிடைக்கும். நேற்று ராத்திரி முழுக்க என்ன நடந்தது என்று பின்னால் போய்ப் பார்க்க அதில் வழியில்லை.

நம் ஊர் வெயிலில் இதற்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. பிஐஆர் பார்ப்பது சூட்டை இல்லை, சூட்டில் உள்ள வித்தியாசத்தை. குளிர்ந்த சுவருக்கு முன்னால் ஒரு மனிதர் நடந்தால் பளிச்சென்று தெரியும். சித்திரை மாதத்தில், சுவரே 38 டிகிரியில் கொதிக்கும்போது, அதற்கு முன்னால் நடக்கும் ஆளும் ஏறத்தாழ அதே சூடுதான். வித்தியாசம் சுருங்கிவிடும், சென்சார் எட்டும் தூரமும் சுருங்கிவிடும். பகல் முழுக்க வெந்த சுவர் இரவு எட்டு மணிக்கும் ஆறுவதில்லை. சோதனைக்காகக் கொட்டகையில் ஒரு சோலார் கேமரா மாட்டியிருந்தேன். மாசியில் 25 அடியில் என்னைப் பிடித்த கேமரா, சித்திரையில் பத்தடிக்குள் வந்தால்தான் கவனித்தது. கேமராவுக்கு நேராக நடந்து வந்தால் அதுவும் மந்தம். குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும். அதனால் பாதையைப் பார்த்து நேருக்கு நேர் வைக்காமல் பக்கவாட்டில் வைக்க வேண்டும். பெட்டியின்மேல் இதை யாரும் அச்சடிப்பதில்லை.

தெருவைப் பார்த்துப் பேட்டரி கேமரா வைப்பது வீண். ஆட்டோ, ஆடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று நிமிஷத்துக்கு ஒருமுறை எழுப்பினால் மாதக்கணக்கில் வரும் என்று சொன்ன சார்ஜ் சில நாளில் தீர்ந்துவிடும். ஆள் நடமாட்டம் அதிகமில்லாத இடத்துக்குத்தான் அது சரி.

சிம் கேமராவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெட்டும் கரண்டும் இல்லாத பம்ப் செட், கட்டுமான மனை, தோப்பு இவற்றுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. வீட்டுக்கு வேண்டாம். கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 1 மெகாபிட் என்று மட்டமான தரத்தில் வீடியோ ஓடினாலே ஒரு நாளைக்கு 10.8 ஜி.பி. ஆகும். தினம் 2 ஜி.பி. கிடைக்கும் சிம் காலையில் நாம் எழுவதற்குள் காலி. ஆகவே அசைவு வந்தால் மட்டும், அதுவும் நாம் திறந்து பார்த்தால் மட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ரீசார்ஜ் தேதி தாண்டினால் அது சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும்.

கேபிள் முறைக்கு வருவோம். இதைப் பற்றி எழுதினால் பழைய பஞ்சாங்கம் என்பார்கள். ஆனால் இப்போதைய கேபிள் முறை, கரண்டுக்கு ஒரு வயர் வீடியோவுக்கு ஒரு வயர் என்று இழுத்த, டிவிஆர் என்ற பழைய பதிவுப் பெட்டியின் காலத்தது இல்லை. பிஓஇ என்ற முறையில் ஒரே நெட்வொர்க் கேபிள் கரண்டையும் கொண்டுபோகும், படத்தையும் கொண்டுவரும். 100 மீட்டர் வரை போகலாம். எங்கள் 110 அடி என்பது 34 மீட்டர்கூட வராது. பதிவுப் பெட்டியான என்விஆரிலிருந்தே கேமராவுக்குக் கரண்ட் போவதால், அந்தப் பெட்டி ஒன்றுக்கு யுபிஎஸ் கொடுத்தால் எல்லாக் கேமராவும் ஓடும். கொல்லையில் ப்ளக் பாயிண்ட் வேண்டாம், மழையில் நனையும் அடாப்டர் வேண்டாம், வைஃபை எட்டுகிறதா என்ற கவலையும் வேண்டாம்.

செலவு கேமராவில் இல்லை, சுவரில் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் தம்பி ஒன்றரை அடிச் சுவரில் டிரில் போட்டபோது உள்ளே சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கொட்டிக்கொண்டே இருந்தது. மறுபக்கம் பிட் வந்து சேர முக்கால் மணி நேரம். அடுக்களைப் பக்கம் ஓட்டுக்கு அடியில் எலி இருப்பதால் கேபிளைச் சும்மா விட முடியாது, பைப்புக்குள் விட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். வாடகை வீடாக இருந்தால் இதை யோசிக்கவே முடியாது. அங்கே வீட்டுக்காரர் துளையிட விடமாட்டார், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகவும் முடியாது. சொந்த வீட்டில் ஒருமுறை பட்ட பாடு பல வருடம் நிற்கும்.

பதிவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை விளம்பரங்கள் ஓரமாகத் தள்ளிவிடுகின்றன. கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் என்றால், கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் சாட்சியும் கூடவே போயிற்று. 128 ஜி.பி. கார்டு, விநாடிக்கு ஒன்றரை மெகாபிட்டில் ஓடினால் ஏறத்தாழ எட்டு நாள் தாங்கும், அதற்குமேல் பழையதை அழித்து எழுதும். மொபைலுக்கு வாங்கும் சாதாரண கார்டு இந்த ஓயாத எழுத்தைத் தாங்காது. கேமராவுக்கென்றே ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று விற்பதைத்தான் வாங்க வேண்டும். என்விஆர் என்றால் 1 டி.பி. ஹார்ட் டிஸ்கில் நான்கு கேமராக்கள், தலைக்கு 2 மெகாபிட் வீதம், பதினோரு நாளுக்கு வரும். ஆனால் அந்தப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போன திருட்டுகளைப் பேப்பரில் படிக்காதவர் யார்? டி.வி.க்குப் பக்கத்தில் அலங்காரமாக வைக்கக் கூடாது. எங்கள் பெட்டி அம்மா அறையில், பழைய மரப்பெட்டிக்குள், காற்றுக்கு நாலு துளை போட்டு இருக்கிறது.

கிளவுடில் சேமித்தால் திருடன் தொட முடியாது. மாதாமாதம் வாடகை உண்டு. படம் இன்னொருவர் கணினியில் இருக்கிறது என்ற சங்கதியும் உண்டு. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வைஸ் என்ற கேமரா நிறுவனத்தில் ஒரு கோளாறு நடந்து, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராப் படங்கள் தெரிந்தன. அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதற்கு முன் 2022இல், எல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று விளம்பரம் செய்த யூஃபி என்ற கேமரா பிராண்ட், அறிவிப்புக்கான சிறு படங்களைக் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. 2016இல் மிராய் என்ற நச்சு நிரல், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே இணையத்தின் பெரிய தளங்களை முடக்கியது. ‘அட்மின்’, ‘12345’ என்று விட்டு வைத்தவர்கள் வீட்டுக் கேமராக்கள்தான் அதில் சிப்பாய்கள். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்கு அரசின் எஸ்டிக்யூசி பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. பெயர் தெரியாத கேமராவைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தச் சான்று இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பேச்சு மாறினால் நடையைக் கட்டலாம்.

இனி அந்த மெகாபிக்சல். முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சலாவது வேண்டும் என்று கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐரோப்பியத் தர அளவு சொல்கிறது. சாதாரண 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். வழக்கமான 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 110 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும். கணக்குப் போட்டால் முகம் சாட்சியாக நிற்பது ஒன்பது அடிக்குள்தான். 5 மெகாபிக்சலுக்குப் போனால் அது பன்னிரண்டு, பதின்மூன்று அடி ஆகும். ஆனால் அதே 2 மெகாபிக்சலில் 4 மில்லிமீட்டர் லென்ஸ் கேட்டு வாங்கினால் பதினைந்து அடி! பார்வை அகலம் குறையும், அவ்வளவுதான். கொல்லைக் கதவைப் பார்க்க அகலம் எதற்கு? கடைக்காரர் தானாக இதைச் சொல்லமாட்டார், கேட்டால் எடுத்துக் கொடுப்பார். கேமராவை உச்சியில் மாட்டினால் தலையும் தொப்பியும்தான் விழும். எட்டு, ஒன்பது அடி உயரம் போதும்.

இரவுப் பார்வையில் ஒரு தொந்தரவை அனுபவத்தில்தான் கற்றேன். இருட்டில் கேமரா தன்னைச் சுற்றி அகச்சிவப்பு விளக்கைப் போட்டுக்கொள்ளும். பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், சிலந்தி லென்ஸுக்கு முன்னாலேயே வலை கட்டும். அந்த வலை நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல்தான், கேமராவுக்கு வெள்ளைப் போர்வை. மழை பெய்து ஈசல் கிளம்பிய ஒரு ராத்திரி என் மொபைலில் 143 அறிவிப்புகள். மனித உருவத்தைப் பிரித்தறியும் வசதி இருந்தால் அதை ‘ஆன்’ செய்துவிட்டு மற்ற அறிவிப்பை அணைப்பதுதான் தூங்குவதற்கு வழி. மாதம் ஒருமுறை ஒட்டடைக் குச்சியால் ஒரு தட்டு.

கூடத்திலும் ஒன்று வைக்க ஆசைப்பட்டேன், அம்மா விழுந்துவிட்டால் தெரியுமே என்று. தலை திருப்பும் மாடல், ஷெல்ஃபில் வைத்தேன். சென்னைக்குத் திரும்பி அன்று இரவு ஆப்பைத் திறந்தால் முழுக்க ஆரஞ்சு நிறம். போன் போட்டேன்.

“துண்டு போட்டு மூடி வச்சிருக்கேண்டா. நான் சாப்பிடறப்ப அது திரும்பித் திரும்பிப் பாக்குது.”

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த முறை போனபோது கழற்றிவிட்டேன். அந்தக் கவலைக்குக் கேமரா சரியான சாமானும் இல்லை. காலையில் ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு அத்தை ஒரு குரல் கொடுப்பது அதைவிட நம்பகமானது. வேலைக்கு வரும் அக்காவிடமும் வெளியில் எங்கெங்கே கேமரா இருக்கிறது என்று காட்டிவிட்டோம். எதிர் வீட்டுத் திண்ணை படத்தில் விழுந்த இடத்தை ஆப்பிலேயே கறுப்புக் கட்டம் போட்டு மறைத்தாயிற்று.

கடைசியில் நாங்கள் செய்தது கலப்பு. முன் கேட்டுக்கு ப்ளக் வைஃபை கேமரா, ஏனென்றால் ரவுட்டர் பதினைந்து அடியில், இடையில் ஒரு ஜன்னல்தான். அதன் ப்ளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினோம். கொல்லைக் கதவுக்குக் கேபிளில் ஓடும் பிஓஇ கேமரா, 4 மில்லிமீட்டர் லென்ஸ். இரண்டும் ஒரே என்விஆரில் பதிவாகின்றன. வேறு வேறு கம்பெனி என்றாலும் ஆன்விஃப் என்ற பொது மொழி இரண்டுக்கும் தெரிந்தால் இது நடக்கும். வைஃபை கேமராவின் பெட்டியில் ‘ஆன்விஃப்’ என்றோ, படத்தை வேறு பெட்டிக்கு அனுப்பும் முறையான ‘ஆர்டிஎஸ்பி’ என்றோ போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பேட்டரி மாடல்களில் பெரும்பாலும் இருக்காது. முன் கேமராவில் கார்டும் இருப்பதால் அந்தப் படம் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வைஃபையை யாராவது முடக்கினாலும் கார்டு எழுதிக்கொண்டே இருக்கும்.

இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு என்றால் இத்தனை மண்டையுடைப்பே வேண்டாம். வாசல் கதவைப் பார்த்து ஒரு ப்ளக் கேமரா, ஒரு நல்ல கார்டு, இன்வெர்ட்டர் இணைப்பு, முடிந்தது.

ஏதாவது நடந்து போலீசுக்குப் போக நேர்ந்தால், சுழன்று அழிவதற்குள் அந்த நேரத்துப் பதிவைப் பிரதி எடுத்துவிட வேண்டும், மூலத்தையும் தொடாமல் வைக்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, டிஜிட்டல் பதிவோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது. கேமரா தேதி நேரம் தப்பாக ஓடிக்கொண்டிருந்தால் அங்கே பதில் சொல்லித் திணற வேண்டியிருக்கும். இப்போதே ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிடுங்கள்.

இதுவரை கொல்லைக் கேமராவில் சிக்கியவை இரண்டு கீரிகளும், முருங்கைக்காய் பறிக்கச் சுவர் ஏறிய அடுத்த தெருப் பையனும்தான். பையனை அம்மா கூப்பிட்டு, கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். கொட்டகைச் சோலார் கேமராவை இன்னும் கழற்றவில்லை. பேனல் மேல் காக்கை எச்சத்தைத் துடைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பிடித்தால் அது எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.